விழுகிறவரைத் தாங்கும் கயிறு

அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் முகப்பில் ஒரு தொங்குபாலம் இருக்கிறது. கோல்டன் கேட் பாலம் என்பது அதன் பெயர். 1933 ஜனவரியில் வேலை தொடங்கி, 1937 மே மாதம் திறக்கப்பட்டது. அந்தப் பாலத்தின் படத்தை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். கட்டப்பட்ட நாளில் அதன் அடியில் தொங்கிய வலையைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா?

அக்காலத்தில் பெரும் பாலங்கள் கட்டுவோரிடையே ஒரு கொடிய வாய்பாடு வழங்கிவந்தது. பத்து லட்சம் டாலர் செலவுக்கு ஓர் உயிர் என்பதே அது. இந்தப் பாலத்தின் செலவு ஏறத்தாழ மூன்றரைக் கோடி டாலர். அப்படியானால் 35 பேர் சாவார்கள்! சிமெண்டுக்கும் எஃகுக்கும் மதிப்பீடு போடுவதைப் போலவே மனிதருக்கும் போட்டு வைத்திருந்தார்கள். தலைமை எஞ்சினீயர் ஜோசப் ஸ்ட்ராஸ் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கினார். 1,30,000 டாலருக்கு மேல் செலவழித்து, மணிலாக் கயிற்றால் பின்னிய வலையைப் பாலத்தின் தளத்துக்கு அடியில் கட்டச் செய்தார்.

வலை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நாமே கணக்கிடலாம். தளத்திலிருந்து கடல் சுமார் 67 மீட்டர் கீழே இருக்கிறது. காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், விழுகிறவர் நீரைத் தொடும்போது அவருடைய வேகம் நொடிக்கு 36 மீட்டர், அதாவது மணிக்கு 130 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வரும் உடலுக்கு வழிவிட்டு விலக நீருக்கு நேரம் கிடையாது. வலையோ மிக அருகில் இருந்தது. அதோடு தொய்ந்தும் கொடுத்தது.

19 பேர் அந்த வலையில் விழுந்து பிழைத்தார்கள். அவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டு, "நரகத்துக்குப் பாதிவழிச் சங்கம்" என்று அதற்குப் பெயரும் சூட்டினார்கள். ஆனால் 1937 பிப்ரவரி 17 அன்று ஏறத்தாழ ஐந்து டன் எடையுள்ள வேலைமேடை ஒன்று பிடி விட்டு வலைமீது விழுந்தது. மனிதரைத் தாங்கக் கட்டிய வலை அதைத் தாங்கவில்லை; கிழிந்தது. அதனுடன் கடலில் விழுந்த 12 பேரில் 10 பேர் மாண்டனர். முன்னரே இறந்திருந்த ஒருவரையும் சேர்த்து, பாலம் வாங்கிய உயிர்கள் 11.

நான்கு ஆண்டு வேலைக்கு வலை கட்டலாம். விளம்பரப் பலகை மாட்டுகிறவர்களுக்கோ விழா மேடையில் விளக்குக் கட்டுகிறவர்களுக்கோ அது முடியுமா? இங்கே ஒரு மணி நேரம், அடுத்த தெருவில் ஒரு மணி நேரம் என்று நகரும் தொழில் அது. காவலையும் அவரவர் உடம்போடு சுமந்து போக வேண்டியதுதான். மின்கம்பத் தொழிலாளர் சாய்ந்து நின்று வேலை செய்வதற்கென்று உண்டான இடுப்புப் பட்டை, விழுவோரைப் பிடிக்கவும் பயன்படலாயிற்று. அங்கேதான் சிக்கல் எழுந்தது.

70 கிலோ எடையுள்ள ஒருவர் 1.8 மீட்டர் விழுகிறார் என்று கொள்வோம். அதற்கு 0.6 நொடிதான் ஆகும். கண்ணிமைத்துப் பார்ப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். இழுபடாத கயிறு ஒன்று அவரை 5 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால், அவர் உடல்மீது ஏற்படும் சராசரி விசை அவருடைய எடையைப் போல் 37 மடங்கு! அதே வீழ்ச்சியை ஒரு மீட்டர் தூரத்தில் மெல்ல நிறுத்தினால் மூன்று மடங்குக்கும் குறைவு. வகுப்பில் இந்தக் கணக்கைப் போடும்போது மாணவர்கள் என் விடையில் தசமப் புள்ளி இடம் மாறிவிட்டதோ என்று சந்தேகப்படுவார்கள். மாறவில்லை. விழுந்த தூரத்தை நின்ற தூரத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டிப் பாருங்கள். எத்தனை மடங்கு என்பது கிடைத்துவிடும்.

1935இல் பிறந்த நைலான், நாரைவிட நன்றாக நீண்டு கொடுத்தது. பின்னர் மடித்துத் தைத்த நாடா ஒன்றைக் கயிற்றோடு சேர்த்தார்கள். விழுகிறவரின் எடை இழுக்கும்போது தையல் ஒவ்வொன்றாகக் கிழியும். வீழ்ச்சியின் ஆற்றல் கிழிப்பதிலேயே செலவாகிவிடும். ஆனாலும் விசை முழுவதும் இடுப்பில், வயிற்றின்மேல் விழுந்தால் உள்ளுறுப்புகள் என்ன பாடுபடும்? தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் பிணைக்கும் ஹார்னஸ் வந்தது இதனால்தான். விழுவோரைப் பிடிக்க இடுப்புப் பட்டையைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி அமெரிக்காவில் 1998 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. கயிற்றைக் கட்டும் இடம் ஆளொருவருக்கு 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ தாங்க வேண்டும் என்பதும் அங்குள்ள விதி. விழா மேடைக்குத் தற்காலிகமாக நட்ட குழாயில் கொக்கியை மாட்டுமுன் இந்த எண்ணை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நல்ல ஹார்னஸ் வாங்கிக் கொடுத்துவிட்டால் போதாதா, பயிற்சி எதற்கு என்று கேட்பீர்கள். தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் நின்று பலகை மாட்டுகிறவர், 1.8 மீட்டர் கயிற்றின் கொக்கியைத் தம் காலடிக் குழாயில் மாட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹார்னஸின் முதுகு வளையம் பாதத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருக்கிறது. விழுந்து கயிறு விறைக்கும்போது அவர் பாதம் 3.3 மீட்டர் கீழே போயிருக்கும். நாடா கிழிய இன்னும் ஒரு மீட்டர். மொத்தம் 4.3. கயிறு தன் வேலையை முடிக்குமுன் தரை வந்துவிடும்! அதே கொக்கியை முதுகு வளையத்தின் மட்டத்தில் மாட்டியிருந்தால் 2.8 மீட்டரில் நின்றிருப்பார். பலகையின் மறு மூலையை எட்டுவதற்காகக் கொக்கியிலிருந்து பக்கவாட்டில் வெகுதூரம் போய்விட்டாலும் ஆபத்துதான். விழுந்தவர் ஊசலின் குண்டுபோல் வீசப்பட்டுத் தூணில் மோதுவார்.

சரியாகவே நின்றுவிட்டார் என்று வைத்துக்கொண்டாலும் வேலை முடியவில்லை. ஹார்னஸில் அசையாமல் தொங்குகிறவரின் கால்களில் இரத்தம் தேங்கும். மூளைக்குப் போகும் அளவு குறைந்து மயக்கம் வரும், உயிருக்கும் ஆபத்து நேரும். ஆகவே அவரை இறக்குவதற்கான ஏற்பாடு முன்னதாகவே இருந்தாக வேண்டும். பிரிட்டனில் 2005இல் வந்த உயரப் பணி விதிகள், மீட்புக்கான திட்டத்தையும் வேலைத் திட்டத்தின் பகுதியாகவே கேட்கின்றன. யார் ஏறுவது, எந்த ஏணி, அது எங்கே இருக்கிறது என்பதெல்லாம் முதல் ஆள் மேலே ஏறுமுன் முடிவாகியிருக்க வேண்டும்.