கூம்பும் பெட்டியும்: தோட்டத்துக் குரலின் ஒரு சிறு வரலாறு

இருவழி ஒலிபெருக்கி என்று சொன்னதும், ஒரு முனையில் பேசி மறுமுனையில் கேட்கும் கருவி என்றே பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது அப்படியல்ல. ஒரே குரலை இரண்டாகப் பிரித்து, கனத்த பாதியைப் பெரிய ஸ்பீக்கருக்கும் மெல்லிய பாதியைச் சிறிய ஸ்பீக்கருக்கும் அனுப்பும் பெட்டிக்குத்தான் அந்தப் பெயர். வானொலி திருத்துபவர்களின் மொழியில் பெரியது வூஃபர், சிறியது ட்வீட்டர்.

நான் முதன்முதலில் அதைக் கண்டது எட்டியாந்தோட்டைப் பக்கத்துக் கடைவீதி ஒன்றில். அங்கே ரேடியோ திருத்தும் நானா ஒருவர், பழைய தேயிலைப் பெட்டியொன்றின் முகப்பில் இரண்டு வட்டங்கள் வெட்டிக்கொண்டிருந்தார். "இதென்ன நானா?" என்று கேட்டேன். "கொழாய் கத்தும், தம்பி. இது பேசும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு நூற்றாண்டின் வரலாறு அடங்கியிருந்தது என்பதைப் பின்னர்தான் விளங்கிக்கொண்டேன்.

சப்ரகமுவத் தோட்டங்களில் ஓசை என்பது முதலில் கட்டளையாகவே இருந்தது. விடியுமுன் லயத்து மக்களைப் பெரட்டுக் களத்துக்கு அழைத்தது தப்புச் சத்தம். தப்பு அடித்தால் எழும்ப வேண்டும்; எழும்பாவிட்டால் அன்றைய பெயர் விழாது. மலையடிவாரக் கடைவீதிகளிலோ முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய சிறு பள்ளிவாசல்களிலிருந்து வெறுங்குரலில் பாங்கு எழுந்தது. முஅத்தினின் நெஞ்சுக்கூட்டில் எவ்வளவு காற்று இருந்ததோ அவ்வளவு தூரமே அது சென்றது. இறப்பர் மரங்களுக்கு அப்பால் இருப்பவன் சூரியனைப் பார்த்துத்தான் நேரம் அறிய வேண்டும்.

உலகின் மறுபக்கத்தில் இந்த எல்லையை உடைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. 1915ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதமும் தம் ஒலிபெருக்கியைக் காட்டி, அதற்கு மக்னாவொக்ஸ் என்று பெயரிட்டார்கள். லத்தீனில் அதன் பொருள் பெருங்குரல். 1925இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெலொக்கும், கூம்பே இல்லாத, காகிதக் குவியம் அதிரும் ஒலிபெருக்கியைப் பற்றிய தங்கள் ஆய்வை வெளியிட்டனர். இன்று நம் வீட்டு ரேடியோவுக்குள் இருப்பது அதன் வாரிசே.

அதே 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதிதான் கொழும்பு வானொலியும் முறைப்படி தொடங்கியது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளரான எட்வர்ட் ஹார்ப்பர் அதற்கு முன்பே பரீட்சார்த்த ஒலிபரப்புகளை நடத்தியிருந்தார். பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக்கொண்டே அவரது ஒலிபரப்பி அமைக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. ஆக, இலங்கையின் ஒலிபரப்பே கைக்குக் கிடைத்ததை வைத்துக் கட்டிய ஒன்றுதான். நானாவின் தேயிலைப் பெட்டிக்கு அந்தப் பரம்பரையில் உரிமை உண்டு.

எனினும் தோட்டங்களுக்கு முதலில் வந்து சேர்ந்தது பெட்டி அல்ல, கூம்புதான். அதற்குக் காரணமும் உண்டு. கூம்பின் ஒடுங்கிய கழுத்து, சின்னஞ்சிறு தகட்டின் அதிர்வை வெளிக்காற்றோடு நன்றாக இணைத்துவிடுகிறது. ஆகவே மிகக் குறைந்த மின்சாரத்தில் மிகத் தொலைவுக்குச் சத்தம் போகும். லயங்களில் மின்சாரம் இல்லாத காலத்தில், கார் பற்றரியில் இயங்கும் அம்பிளிபயருக்கு இது பெரும் வரம். கோயில் திருவிழா, கந்தூரி, கலியாணம், தொழிற்சங்கக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மரக்கிளையில் கட்டிய அதே கூம்புதான்.

ஆனால் கூம்பு தூரத்தைக் கொடுத்துத் தெளிவைப் பறித்துக்கொண்டது. பொதுவான கூம்பு ஒலிபெருக்கி ஏறத்தாழ 300, 400 ஹேர்ட்ஸுக்குக் கீழும், 5000, 6000 ஹேர்ட்ஸுக்கு மேலும் உள்ள ஒலிகளை ஒழுங்காக வெளியிடாது. ஆண்குரலின் அடிநாதம் 100 ஹேர்ட்ஸ் அளவில் தொடங்குகிறது. அது போய்விட்டால் குரலின் உடம்பு போய்விடுகிறது. 'ஸ' என்ற ஒலியின் வலுவோ பெரும்பாலும் 4000 ஹேர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. அது வெட்டுப்பட்டால் 'ஸ'வும் 'ஃப'வும் ஒன்றையொன்று போலாகிவிடும். தொலைபேசியில் பெயரைச் சொல்லும்போது எழுத்துக்கூட்டிச் சொல்ல நேர்வதும் இதனால்தான். அதன் பாதை 3400 ஹேர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது.

இது நமக்குச் சின்ன விடயமல்ல. மக்ரஜ் பிசகாமல் ஓதுவதற்குப் பிள்ளைகளை வருடக்கணக்கில் மத்ரஸாவில் உட்காரவைக்கிறோம். ஸீனையும் ஷீனையும் ஃபேயையும் வேறுபடுத்த நாவைப் பழக்குகிறோம். பிறகு அந்த ஓதலை அந்த வேறுபாட்டையே அழிக்கும் கருவியில் போட்டுக் கேட்கிறோம். நமது கவியரங்குகளிலும் இதே கதைதான். கவிஞர் வரியை இரண்டு தரம் வாசிக்கிறார். பின்வரிசையிலிருந்து "விளங்கவில்லை" என்று குரல் வருகிறது. அம்பிளிபயர்காரர் சத்தத்தைக் கூட்டுகிறார். குறை சத்தத்தில் இல்லை என்பதை யாரும் எண்ணுவதில்லை.

இந்தக் குறைக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் கில்பர்ட் பிரிக்ஸ். யோர்க்ஷயரில் துணி வணிகத்தில் இருந்த அவர், 1932இல் தன் வீட்டு நிலவறையில் ஒலிபெருக்கி செய்யத் தொடங்கினார். தான் வாழ்ந்த பள்ளத்தாக்கின் பெயரையே வைத்து அதை வார்ஃப்டேல் என்றழைத்தார். 1945இல் அவரது நிறுவனம் இருவழி ஒலிபெருக்கியொன்றை உருவாக்கியது. திரையரங்குகளுக்கென அமெரிக்காவில் அதற்கு முன்பே இருவழி அமைப்புகள் இருந்தன. வீட்டுக்குரிய பொருளாக அது மாறியதில் பிரிக்ஸின் பங்கு பெரிது. 1948இல் அவர் எழுதிய கையேடு, தாமே செய்துபார்க்க விரும்பிய சாமானியர்களுக்கானது. மெல்லிய பலகை அதிர்ந்து ஓசையைக் கெடுக்காதிருக்க, இரண்டு பலகைகளுக்கிடையே உலர்ந்த மணலை நிரப்பும் உத்தி அவரோடு சேர்த்தே பேசப்படுவது.

நானா பிரிக்ஸைப் படித்தவரல்லர். ஆனால் தேயிலைப் பெட்டியின் மெல்லிய ஒட்டுப்பலகை வூஃபர் அதிர்ந்ததும் கடகடக்கத் தொடங்கியபோது, அவரும் மணலிடம்தான் போனார். இன்னொரு பெட்டியின் பலகையை உட்புறமாக அறைந்து, இடைவெளியில் வெயிலில் காயவைத்த ஆற்றுமணலைக் கொட்டினார். பெட்டி ஒரு ஆள் தூக்க முடியாத பாரமாயிற்று, கடகடப்பு நின்றது.

அடுத்தது குரலைப் பிரிக்கும் வேலை. மின்தேக்கி உயர்ந்த ஒலியை விட்டுத் தாழ்ந்ததைத் தடுக்கும். கம்பிச் சுருள் அதற்கு நேர்மாறு. 8 ஓம் ஸ்பீக்கர்களை 3000 ஹேர்ட்ஸில் பிரிக்க வேண்டுமானால், எளிய கணக்கின்படி ட்வீட்டருக்கு 6.6 மைக்ரோஃபராட் மின்தேக்கியும் வூஃபருக்கு 0.42 மில்லிஹென்றி சுருளும் வேண்டும். துருவமற்ற மின்தேக்கி கடையில் இல்லை. நானா 10 மைக்ரோஃபராட் சாதாரண மின்தேக்கிகள் இரண்டின் எதிர்முனைகளை ஒன்றோடொன்று பற்றவைத்தார். தொடராக இணைந்ததால் பெறுமானம் பாதியாகி 5 ஆயிற்று. அதன்படி ட்வீட்டர் ஏறத்தாழ 4000 ஹேர்ட்ஸுக்கு மேல் பேசும். வூஃபருக்கான சுருளை எரிந்துபோன ட்ரான்ஸ்போமரின் செப்புக் கம்பியால் சுற்றினார். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. சுற்றுவதும் ஓதல் நாடாவைப் போட்டுக் கேட்பதுமாக, காது போதும் என்று சொன்ன இடத்தில் நிறுத்தினார்.

ஓசை பற்றிய கேள்வி நமது உலமாக்களுக்கும் புதிதல்ல. 1936இல் சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலில் பாங்குக்கு ஒலிபெருக்கி பயன்பட்டது. அக்காலப் பத்திரிகைகளில் செய்தியாகும் அளவுக்கு அது புதுமையாக இருந்தது. இந்தியத் துணைக்கண்டத்திலோ, தொழுகையில் அதைப் பயன்படுத்தலாமா என்று நீண்ட விவாதம் நடந்தது. கருவியிலிருந்து வருவது இமாமின் குரல்தானா, அல்லது அதன் எதிரொலியா என்பதே கேள்வி. முஃப்தி முஹம்மது ஷஃபீ போன்றோர் கருவியின் இயக்கத்தைக் கேட்டறிந்து, தாம் முன்பு கொண்டிருந்த கருத்தைப் பின்னர் மாற்றிக்கொண்டனர். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டு முடிவெடுக்கும் அந்தப் பண்பு இன்றைக்கும் நமக்குத் தேவைப்படுகிறது.

ஏனெனில் இலங்கையில் அந்தக் கேள்வி பிறகு நீதிமன்றத்துக்கே போயிற்று. வெலிகமைப் பள்ளிவாசலொன்றின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பான வழக்கில், 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்ற பொதுவிதி எல்லாச் சமயத்தவருக்குமாக அதில் வகுக்கப்பட்டது. சுபஹு பாங்கின் நேரம் அதற்குள்ளேதான் வருகிறது. நம்மில் பலர் அதை நம்மை நோக்கிய அம்பாகவே பார்த்தோம். அந்த வேதனை பொய்யல்ல. ஆனால் அயலவனின் உறக்கமும் ஒரு ஹக் என்பதை நமது மார்க்கமே நமக்குச் சொல்லியிருக்கிறது.

சப்ரகமுவக்காரனுக்கு இது ஏட்டுப் பேச்சல்ல. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தை, றக்வானைப் பகுதித் தோட்டங்களில் லயங்கள் எரிந்தபோது தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் காடுகளுக்குள் ஓடின. 2001 மே மாதத்தில் மாவனல்லையில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் எரிந்தன. இங்கே விகாரையும் கோயிலும் பள்ளிவாசலும் ஒரே பள்ளத்தாக்கில்தான் நிற்கின்றன. ஒருவர் கூம்பைப் பெரிதாக்கினால் மற்றவரும் பெரிதாக்குவார். மலைக்கு மலை மோதித் திரும்பும் அந்த இரைச்சலில் பணவும் தேவாரமும் பாங்கும் எதுவென்று பிரித்தறிய முடியாமல் போகும்.

பாங்கின் வேலை அழைப்பது. அது வெளியே கேட்கத்தான் வேண்டும். அதற்கு ஓரளவான கூம்பு போதும். குத்பாவின் வேலையோ உள்ளே இருப்பவனுக்கு விளங்குவது. அதற்கு வேண்டியது தூரமல்ல, தெளிவு. பள்ளிக்குள் காதுமட்டத்துக்குச் சற்று மேலே வைத்த இரண்டு நல்ல இருவழிப் பெட்டிகள், கூரைமேல் வைத்த நான்கு கூம்புகள் செய்ய முடியாததைச் செய்துவிடும். செலவும் பெரிதல்ல.

நானாவின் பெட்டி முடிந்த நாளில், கடைக்குள் நாலைந்து பேர் நின்றோம். ஓதல் நாடாவைப் போட்டார். கொத்துவேலை முடிந்து தேநீர் குடிக்க வந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவரும் நின்று கேட்டார். அவருக்கு அரபு தெரியாது. "மூச்சு எடுக்குறது கூட கேக்குதே பாய்" என்றார். வீதியின் எதிர்ப்பக்கத்தில், மருந்துக் கடைக்காரரின் குழந்தை தொட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தது. அது விழிக்கவில்லை.