கழித்துக் காட்டும் கண்ணாடி: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் லென்ஸ் பில்டர்கள்

முன்னுரை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதற்குள் மேற்கே மலைத்தொடர், அதன் அடியில் தென்னந்தோப்பும் மாந்தோப்பும், மழைக்காலத்தில் அருவி, நிறைந்த கண்மாய்கள், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலின் 11 நிலைக் கோபுரம், பால்கோவா கிண்டும் விறகடுப்பு, தறிச் சத்தம் என்று படம் பிடிப்பவருக்கு வேண்டிய எல்லாமே இருக்கின்றன. பில்டர்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பில்டரை முதலில் சொல்லிவிட்டு அதற்கேற்ற காட்சியைத் தேடுவார்கள். இக்கட்டுரை நிலத்திலிருந்து தொடங்குகிறது. இந்த ஊர்களின் ஒளியில் எது மிகுதி, எதைக் கழித்தால் படம் தெளியும் என்பதே இங்கு கேள்வி.

இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பில்டர் படத்தில் எதையோ சேர்க்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கழிக்கிறது. சிவப்புக் கண்ணாடி சிவப்பைச் சேர்ப்பதில்லை. நீலத்தையும் பச்சையையும் தடுத்து நிறுத்துகிறது. ஒளியைச் சிதறவிடும் பில்டர்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றை நான்காம் பகுதியில் பார்ப்போம்.

1. நிறத்தைக் கழித்தல்

சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரைக் கோயிலையும் நாயக்கர் மகாலையும் படமெடுத்தார். அன்றைய காகித நெகட்டிவ் நீல ஒளிக்கு மட்டுமே நன்றாக இசைந்தது. பச்சைக்கு மந்தம், சிவப்புக்குக் குருடு. கட்டடம் பதியும்வரை காத்திருந்தால் நீல வானம் மிகையாகப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளையாக நின்றது. டிரைப் நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களைத் தானே உண்டாக்கினார். பில்டர் என்ற பொருளின் தேவை இந்தத் தூரிகையில் தெரிகிறது.

எல்லா நிறத்துக்கும் இசையும் பான்குரோமாட்டிக் பிலிம் வந்த பிறகு அந்தத் தூரிகைக்கு வேலை இல்லை. மஞ்சள் பில்டர் நீலத்தில் ஒரு பங்கைத் தடுத்து வானத்தைச் சாம்பலாக்கும். மேகம் வெள்ளையாகப் பிரிந்து நிற்கும். சிவப்பு பில்டர் வானத்தைக் கறுப்புக்கு அருகில் கொண்டுபோகும். இவற்றின் எண்களான மஞ்சள் 8, சிவப்பு 25 ஆகியவை இங்கிலாந்தின் ராட்டன் நிறுவனம் வகுத்த முறையில் வந்தவை. 1912-இல் கோடாக் அந்நிறுவனத்தை வாங்கியது. கழித்ததற்கு விலையும் உண்டு. மஞ்சள் 8 ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது பாதி ஒளியைக் குடிக்கும். சிவப்பு 25 மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்குதான் உள்ளே வரும்.

கறுப்பு வெள்ளையில் நிற பில்டர் செய்யும் வேலையை விளங்கிக்கொள்ள ராஜபாளையம் நாயைவிட நல்ல பாடம் இல்லை. பால் வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்கு வெளியிட்ட தபால்தலைகளில் இதற்கும் இடம் கிடைத்தது. சிவப்பு பில்டர் போட்டு இந்த நாயை எடுத்தால், சிவப்பு ஒளி தடையின்றி நுழைவதால் மூக்கு வெளுத்து முகத்தோடு கலந்துவிடும். மூக்கே இல்லாத நாய் போலத் தோன்றும். பச்சை பில்டர் போட்டால் அதே மூக்கு கருத்து, முகத்தின் நடுவே அழுத்தமாக உட்காரும். வெள்ளை உடலில் எந்த மாற்றமும் இராது, ஏனெனில் வெள்ளையில் எல்லா நிறமும் உண்டு. தன் நிறத்தை வெளுக்கவைக்கும், எதிர் நிறத்தைக் கருக்கவைக்கும் என்ற விதியை ஒரு நாயின் மூக்கில் இரண்டே படங்களில் கற்றுவிடலாம்.

இன்று டிஜிட்டல் கேமராவின் சென்சார் மேலேயே சிவப்பு, பச்சை, நீலச் சதுரங்கள் பதித்திருக்கின்றன. கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர் அந்த அமைப்புக்கு 1976-இல் காப்புரிமை பெற்றார். ஆகவே நிற பில்டரை எல்லோரும் கேமராவுக்குள் ஏற்கெனவே சுமக்கிறோம். மஞ்சள், சிவப்பு வேலையைக் கணினியில் பின்னால் செய்துகொள்ளலாம். கணினியால் செய்ய முடியாததுதான் அடுத்தது.

2. திசையைக் கழித்தல்

1921-இல் கப்பலில் இந்தியா திரும்பிக்கொண்டிருந்த சி.வி. ராமன் ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் நிக்கோல் பட்டகத்தின் வழியாகக் கடலைப் பார்த்தார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று அன்று சொல்லப்பட்டது. பட்டகத்தைத் திருப்பி மேற்பரப்பின் பிரதிபலிப்பை அவர் நீக்கினார். நீலம் மங்கவில்லை, மாறாக, ஆழத்திலிருந்து இன்னும் அடர்ந்து எழுந்தது. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்ற முடிவுக்கு அது வழிவிட்டது. 1928-இல் அவர் பெயரால் நிற்கும் விளைவைக் கண்டபோதும் சூரிய ஒளியை ஒரு நிற பில்டரால் வடித்து அனுப்பி, வெளிவந்ததை இன்னொரு பில்டரால் சோதித்தார். திருச்சியில் பிறந்த ஒருவர் கப்பல் தளத்தில் செய்ததைத்தான் போலரைசர் மாட்டியவர் ராஜபாளையம் கண்மாய்க் கரையில் செய்கிறார்.

நீரில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்கிறது. போலரைசர் அந்த அதிர்வை மட்டும் தடுக்கிறது. நீர்ப்பரப்போடு சுமார் 37 பாகை சாய்வில் பார்க்கும்போது தடுப்பு முழுமையாக இருக்கும். இன்னும் தாழ்ந்தாலோ நேர்குத்தாகக் குனிந்தாலோ குறையும். அருவி ஓரத்தில் நனைந்த பாறையும் தென்னை ஓலையின் வழவழப்பும் இதே விதிக்குக் கட்டுப்பட்டவை. வெயிலில் வெள்ளிபோல் பளபளக்கும் ஓலையில் போலரைசரை மெல்லத் திருப்பினால் பளபளப்பு உரிந்து பச்சை வெளியே வரும்.

உலோகத்தில் இது செல்லாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் இடத்தில் இதை நேரே பார்க்கலாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பண்டம் வாணலியில் சுண்டிவரும்போது பாலின் மேல் ஒரு பளபளப்புப் படலம் கட்டும். போலரைசரைத் திருப்பினால் அந்தப் படலத்தின் வெள்ளொளி அடங்கி, பாலின் இளமஞ்சள் தெரியும். வாணலியின் தேய்ந்த விளிம்பில் மின்னும் ஒளியோ எப்படித் திருப்பினாலும் அப்படியே மின்னும். ஒரே சட்டகத்தில் பால் அடங்கி உலோகம் ஒளிர்வது அழகான விளைவு. அடுப்பின் முன் நிற்கும்போது கண்ணாடியில் ஆவி படியும்; துடைக்கத் துணி கையில் இருக்கட்டும்.

வானத்தைப் பொறுத்தவரை, சூரியனிலிருந்து 90 பாகை தள்ளியிருக்கும் பகுதியில்தான் போலரைசர் அதிகம் வேலை செய்யும். ஊரின் இருப்பிடம் இங்கே முக்கியமாகிறது. மலை மேற்கே இருக்கிறது. காலையில் மலையைப் பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால். மாலையில் முகத்துக்கு நேரே. இரண்டு வேளையிலும் மலைமேல் உள்ள வானத்தில் போலரைசருக்குப் பலன் மிகக் குறைவு. காலை மாலைதான் படத்துக்கு ஏற்ற நேரம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நண்பகலில் கேமராவை மூடிவைப்பதும் வழக்கம். ஆனால் இந்த ஊர்கள் வடக்கு அட்சரேகை 9.5 பாகையை ஒட்டியவை. சித்திரை பிறக்கும் ஏப்ரல் 14-ஐ ஒட்டிய நாட்களிலும், ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். ஏப்ரலில் அது நிகழும் நேரம் நம் கடிகாரப்படி சுமார் 12.20. நட்ட கம்புக்கு நிழல் இராது. அப்போது 90 பாகை வளையம் அடிவானத்தைச் சுற்றிப் படுத்துக் கிடக்கும். எந்தத் திசையில் திரும்பினாலும் தொடுவானம் கருநீலமாகும். மலையின் முகடு அதன்மேல் வெட்டினாற்போல் நிற்கும். நண்பகலில் மலையைப் படமெடுக்க முடியாது என்பது இந்த அட்சரேகையில், போலரைசர் இருந்தால், தவறு.

கோபுரத்தை அந்த நேரத்தில் அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் பயன் கிடையாது. சூரியனுக்கு அருகில் பார்க்கிறீர்கள். தூர விலகி, கோபுரம் அடிவானத்தோடு சேர்ந்து நிற்கும் இடத்துக்கு வர வேண்டும். மிக அகலமான லென்ஸையும் தவிர்க்க வேண்டும். வானத்தின் ஒரு பாதி கருத்து மறுபாதி வெளிறி, படம் திட்டுத்திட்டாகிவிடும்.

காட்டில் கணக்கு வேறு. 1988-இல் சரணாலயமான செண்பகத்தோப்புக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. அங்கே நரை அணில் மர உச்சியின் நிழலில் தாவுகிறது. போலரைசர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் குடிக்கும். 500-இல் ஒரு நொடி 125-இல் ஒரு நொடியாகி வால் கலங்கிவிடும். இலையின் பளபளப்பு போனால் போகட்டும், கழற்றிவிடுங்கள்.

3. அளவைக் கழித்தல்

என்.டி. என்று நம் படக்காரர்கள் சொல்லும் சாம்பல் கண்ணாடி நிறத்தை மாற்றாமல் ஒளியின் அளவை மட்டும் குறைக்கிறது. குறைத்த ஒளிக்கு ஈடாக ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருக்கும், பாய்வது பட்டாகும். ராஜபாளையம் அய்யனார் கோவில் அருவியில் எஃப் 11-இல் 60-இல் ஒரு நொடி என்று மீட்டர் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். என்.டி. 8 போட்டால் 8-இல் ஒரு நொடி, என்.டி. 64 போட்டால் ஒரு நொடி, என்.டி. 1000 போட்டால் சுமார் 17 நொடி. பலரும் பதினேழு நொடிக்குப் போகிறார்கள். அங்கே நீர் பஞ்சாகிவிடுகிறது. விழும் வேகமும் கனமும் தெரிவதில்லை. எட்டில் ஒரு நொடியில் நீர் இழை இழையாகப் பிரிந்து, பாறையில் மோதும் இடம் உடைந்து தெரியும். அருவி அருவியாக இருப்பது அந்த அளவில்தான் என்பது என் துணிபு.

பாதி சாம்பலும் பாதி தெளிவுமாக இருக்கும் கிராஜுவேட்டட் பில்டர், மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும் மாலைக்கென்றே செய்ததுபோல் தோன்றும். கண்மாயும் மலையும் மட்டும் உள்ள படத்தில் அது நன்றாகவே உதவும். கோபுரம் இருந்தால் உதவாது. 192 அடிக் கோபுரம் தொடுவானக் கோட்டைக் கிழித்து மேலெழுகிறது. வானத்தோடு மேல் நிலைகளும் கருக்கும். அடி வெளிச்சமாகவும் உச்சி புகைபடிந்ததாகவும் அமைந்த கோபுரப் படங்கள் எத்தனையோ. வானத்துக்கு ஒன்று, கோபுரத்துக்கு ஒன்று என இரண்டு எக்ஸ்போஷர் எடுத்து இணைப்பதே இங்கு முறை. பிரான்சின் ஜான் கோகான் 1978-இல் கொண்டுவந்த கோகின் சதுர பில்டர்கள் வழியாகப் பரவிய புகையிலை நிற வானமும் இந்தக் கோபுரத்துக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டு அரசு முத்திரையின் கோபுரம் என்று ஊரே போற்றும் ஒன்றுக்குப் பின்னால் இல்லாத அந்தியை நிறுத்துவது ஆவணத்தைத் திருத்துவதாகும்.

4. சிதறவிடுதல்: சத்திரப்பட்டித் துணி

கடையில் விற்கும் சாஃப்ட், மிஸ்ட் பில்டர்கள் கூர்மையைச் சற்றுக் குலைத்து, விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் படரவிடுகின்றன. ஆனால் இந்த வட்டாரத்துக்கு அதைக் காசு கொடுத்து வாங்கும் தேவை இல்லை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி மருத்துவமனைகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் ஊர். கண் அகன்ற அந்த வலைத்துணிதான் திரைப்பட ஒளிப்பதிவாளர்கள் பல பத்தாண்டுகளாக லென்ஸில் கட்டிவந்த பட்டுக் காலுறையின் உறவினன்.

செய்முறை எளிது. உள்ளங்கை அளவு துணியைப் பழைய பில்டர் வளையத்தில் சுருக்கமில்லாமல் இழுத்து ரப்பர் வளையத்தால் கட்டவும். அபெர்ச்சரை எஃப் 2.8 அளவுக்குத் திறந்து வைத்தால் நூல் கரைந்து மறையும்; எஃப் 11-க்கு மூடினால் வலையின் சாயல் படத்தில் எட்டிப்பார்க்கும். வெள்ளைத் துணி பக்கவாட்டு வெளிச்சத்தை வாங்கிக் கறுப்புகளை வெளிறச் செய்யும். பனிக்காலையில் தோப்புக்குள் எடுக்கும் படத்துக்கு அது நல்லது. கறுப்புச் சாயம் ஏற்றிய துணியில் கறுப்பு கறுப்பாகவே நிற்கும், விளக்குகள் மட்டும் பூக்கும்.

குடைத்துணி வழியாகத் தெருவிளக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒளி சிலுவைபோல் நான்கு பக்கம் நீளும். ஊடும் பாவும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால், நூலுக்கு நேர்குறுக்கே ஒளி விளிம்பு வளைந்து பரவுகிறது. கோடு கீறிய ஸ்டார் பில்டர் கொடுக்கும் நட்சத்திரமும் இந்தக் குடும்பமே. துணியைக் கொஞ்சம் திருப்பினால் நட்சத்திரமும் திரும்பும். ஒரு சட்டகத்தில் ஒன்றிரண்டு விளக்குக்கு மேல் இருந்தால் நட்சத்திரங்கள் மலிந்துவிடும். அங்கே துணியைக் கழற்றிவிடுவதே நல்லது.

இரவில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் சுமார் 4 விழுக்காடு ஒளியைத் திருப்பும். லென்ஸைக் காக்கவென்று நிரந்தரமாக மாட்டியிருக்கும் மலிவான யு.வி. பில்டர், கோயில் விளக்குகளின் மங்கலான இரட்டைகளை வானத்தில் தலைகீழாகக் காட்டும். விளக்குப் படத்துக்கு முன் அதைக் கழற்ற வேண்டும்.

5. கழிக்கக் கூடாதது

ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆடிப்பூரத் தேரோட்டத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தேர் நிற்கும் இடைவேளைகளில், மாடியிலிருந்து முக்காலி வைத்து என்.டி. 1000 போட்டு எடுத்தால் தேர் மட்டும் தெளிவாக நிற்கும், கூட்டம் புகையாகிவிடும். பார்க்க வியப்பாக இருக்கும். ஆனால் ஆண்டாளையும் ரெங்கமன்னாரையும் சுமந்த தேரை நகர்த்துவது அந்தக் கூட்டம்தான். வடத்தைப் பிடித்த கைகளைப் புகையாக்கிவிட்டால் தேர் ஏன் நகர்ந்தது என்பதற்குப் படத்தில் பதிலே இல்லை.

போலரைசரும் அன்று வேண்டாம். நனைந்த பாறையின் பளபளப்பைத் துடைப்பதுபோல அது மனிதத் தோலின் மினுமினுப்பையும் துடைத்துவிடும். வடம் இழுப்பவர்களின் முதுகில் வேர்வை மின்னுவதும் கழுத்து நரம்பு புடைத்து ஒளி வாங்குவதும் அந்தப் பளபளப்பால்தான் தெரிகின்றன. அங்கே மிகையான ஒளி என்று எதுவும் இல்லை. தேரடிக்குப் போகும்போது பில்டர்களைப் பையில் போட்டுவிட்டு வெறும் லென்ஸோடு போங்கள்.