23 ஆண்டுகள் கவுன்சிலர் இல்லாத தெரு

முதன்முதலாக ஒரு கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டபோது எனக்கு வயது 43. அதற்குள் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் பல தடவை விரலில் மை வைத்துக்கொண்டாயிற்று. தெருவிளக்கு எரியாவிட்டால் போய் நிற்க வேண்டிய ஆளைத் தேர்ந்தெடுக்கத்தான் வாய்க்கவில்லை. நான் 1953இல் புளியந்தோப்பில் பிறந்தவள். அந்தக் காலத்தில் 21 வயது ஆனால்தான் ஓட்டு. 1973 டிசம்பரில் சென்னை மாநகராட்சி மன்றத்தை அரசு கலைத்தபோது எனக்கு 20 முடிந்திருந்தது. 21 ஆனபோது ஓட்டுப் போட மன்றமே இல்லை.

என் அப்பா பி அண்ட் சி மில் தொழிலாளி. அவருக்குத் தன் டிவிஷன் கவுன்சிலரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமை இருந்தது. 1959 தேர்தலைப் பற்றி அவர் சாகும்வரை பேசினார். அந்த ஆண்டு 100 இடங்களில் 45ஐ தி.மு.க. பிடித்தது. பெரும்பான்மை இல்லை, கம்யூனிஸ்டுகள் கைகொடுக்க, அ.பொ. அரசு மேயரானார். வெற்றிக்கு உழைத்ததற்காக அண்ணா மேடையில் கருணாநிதிக்கு மோதிரம் அணிவித்ததும், அதைப் பார்த்துத் தாம் மனம் புழுங்கியதை 'வனவாசம்' நூலில் கண்ணதாசன் எழுதியதும் ஊரறிந்த கதை. எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிதாகப் பேசப்பட்டது வேறு: மில்லில் பக்கத்துத் தறியில் நிற்பவனும் நின்று ஜெயிக்கலாம் என்ற நினைப்பு. எட்டே ஆண்டில், 1967இல், அதே கட்சி கோட்டைக்குப் போய்விட்டது.

மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையில் ஆளப் பழகி மேலே போனவர்கள் அவர்கள் மட்டுமல்ல. நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்த 1920இல்தான் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியது. காங்கிரஸின் சத்தியமூர்த்தி 1939இல் மேயராகி, பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழி செய்தார். ஆளுக்கொரு கட்சி, ஆனால் மூன்றுமே இந்த மன்றத்தில் கையூன்றி எழுந்தவைதாம். அதனால்தான் அடுத்து நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

1973இல் வெடித்தது மஸ்டர் ரோல் ஊழல். வேலைக்கே வராத தினக்கூலிகளின் பெயரை வருகைப் பதிவேட்டில் எழுதி, கூலிப் பணத்தை எடுத்துக்கொண்டார்கள் என்பது புகார். மாநிலத்திலும் தி.மு.க., மாநகராட்சியிலும் தி.மு.க. தன் கட்சி மன்றத்தையே கலைத்த துணிச்சலை அன்று பாராட்டியவர்கள் உண்டு. திருடியவனைப் பிடித்து உள்ளே போடட்டும், யார் வேண்டாம் என்றது? ஓட்டுப் போட்ட ஜனங்களுக்கு எதற்குத் தண்டனை? தனி அலுவலர் வந்தார். அவருக்குப் பின் இன்னொருவர் வந்தார். அப்படியே 23 ஆண்டுகள் ஓடின.

இடையில் ஆட்சிகள் மாறின. எம்.ஜி.ஆர். வந்தார், மறுபடி கருணாநிதி வந்தார், ஜெயலலிதா வந்தார். 1986இல் நகராட்சிகளுக்குத் தேர்தல் நடத்தினார்கள். தலைநகரை மட்டும் விட்டுவிட்டார்கள். கணக்கு எளிது. சென்னை அப்போது தி.மு.க.வின் ஊர். கோட்டையில் தாம் இருக்க, இரண்டு கிலோமீட்டர் தள்ளி எதிர்க்கட்சி மேயர் அங்கி மாட்டி உட்காருவதை எந்த முதலமைச்சர் விரும்புவார்? சரி, தி.மு.க. 1989இல் திரும்பி வந்தபோது என்ன தடை? ஆட்சி இரண்டு ஆண்டுதான் நீடித்தது என்பார்கள். ஒரு தேர்தலுக்கு அது போதாதா?

கேட்க ஆளில்லாத அந்த நாட்களில்தான் 1978இல் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியின் கையைவிட்டுக் குடிநீர் வாரியத்துக்குப் போயின. நல்லதா கெட்டதா என்று வாதாடக்கூட மன்றத்தில் ஒரு குரல் இல்லை. தெருவில் கவுன்சிலர் நின்ற இடத்தில் கட்சிகளின் வட்டச் செயலாளர்கள் வந்து நின்றார்கள். சாக்கடை அடைத்தாலும் அவர்தான், ரேஷன் கார்டுக்கும் அவர்தான். அவருக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. ஆகவே யாரும் அவரைத் தோற்கடிக்கவும் முடியாது.

கடைசியில் கதவைத் திறந்தது எந்தக் கட்சியின் பெருந்தன்மையும் அல்ல. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 74ஆவது திருத்தம், மன்றத்தைக் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்றது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்றும் சொன்னது. 1996 அக்டோபரில் தேர்தல் வந்தது. வட்டங்கள் 155 ஆகியிருந்தன. எல்லைகளை வரைந்தவர்கள் அப்பா ஓட்டுப் போட்ட டிவிஷனைப் பிய்த்துப் பக்கத்து வட்டங்களோடு சேர்த்துவிட்டார்கள். எங்கள் தெருவுக்குப் புது எண்.

மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை என்பதால் எனக்கு அன்று வாக்குச்சாவடி வேலை. மேயருக்கு ஒரு சீட்டு, கவுன்சிலருக்கு ஒரு சீட்டு. "இன்னா டீச்சர், ரெண்டு குடுக்கிற? ஒண்ணு உன்னுதா?" என்று ஒரு மீன்காரம்மா கேட்டார். சிரித்தேன், ஆனால் நாற்பது வயதுக்காரர்களும் கவுன்சிலர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. ஸ்டாலின் நேரடியாக மக்கள் தேர்ந்தெடுத்த மேயரானார்.

அதன் பிறகு விதிகள் ஆட்சிக்கு ஆட்சி மாறின. 2006இல் மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் மறுபடி மக்கள். 2022இல் மறுபடி கவுன்சிலர்கள். 2006 வாக்குப்பதிவில் நடந்த அடிதடியும் சாவடிகளில் ஆட்கள் புகுந்ததும் உயர் நீதிமன்றம்வரை போய், பல வட்டங்களில் 2007 பிப்ரவரியில் மீண்டும் ஓட்டுப் போட வைத்தன. 2011இல் அம்பத்தூர், திருவொற்றியூர் எல்லாம் சேர்ந்து 200 வட்டங்களாயின. எங்கள் எண் மறுபடி மாறியது.

2016 அக்டோபரில் மறுபடியும் அதே கதை. பழங்குடியினர் இட ஒதுக்கீட்டில் குறை என்று உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. பிறகு வார்டு வரையறை, வழக்கு, வாய்தா. கொரோனா காலத்தில் எங்கள் தெருவை அடைத்தபோது அரிசிக்கும் மருந்துக்கும் அலைந்தவர்களுக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2022 பிப்ரவரி 19 அன்றுதான் ஓட்டு. இம்முறை பாதி இடங்கள் பெண்களுக்கு. எங்கள் பக்கத்து 74ஆவது வட்டத்தில் ஜெயித்த 28 வயது பிரியா மேயரானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் தலித் பெண். அவரது அரசியல் இருக்கட்டும், அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சந்தோஷத்தைக் கெடுத்தது இன்னொரு எண். அந்தத் தேர்தலில் சென்னையின் வாக்குப்பதிவு 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அரசுகள் தேர்தலைத் தள்ளிப்போடத் துணிவது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். இந்த மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும். தேதி தள்ளினால் வாயைத் திறந்து கேளுங்கள். தேதி வந்தால் போய் ஓட்டுப் போடுங்கள்.