ஜிரார்தூவ்: ஆளிநாரால் எழுந்த நகரம்



வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களுமே மாணவர்தம் நினைவில் எழுகின்றனர். ஒரு சிற்றூரின் வரலாறும் கற்கத்தக்கதே. போலந்து நாட்டின் ஜிரார்தூவ் அதற்கு நல்லதொரு சான்றாகும்.

அமைவிடம்

போலந்தின் தலைநகர் வார்சாவிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், மசோவியச் சமவெளியில் இந்நகரம் அமைந்துள்ளது. பிசியா என்னும் சிற்றாறு இதனூடே ஓடுகின்றது. முன்னர் இவ்விடம் ரூடா குசோவ்ஸ்கா என்னும் சிற்றூராக இருந்தது. ஆலைக்கு வேண்டிய நீரை ஆறு தந்தது. 1845ஆம் ஆண்டில் வார்சா–வியன்னா இருப்புப்பாதை இவ்வழியே வந்தபின் சரக்குகளைக் கொண்டுசெல்வதும் எளிதாயிற்று.

பெயர்க்காரணம்

ஆளிச்செடியின் தண்டிலிருந்து கிடைக்கும் நாரைக் கொண்டு லினன் துணி நெய்யப்படுகின்றது. பருத்தியைப்போல் இதனை எளிதில் இயந்திரத்தில் நூற்க இயலாது. நார்கள் ஒருவகைப் பசையால் ஒட்டியிருப்பதே காரணம். பிரான்சு நாட்டின் பிலிப் தெ ஜிரார், நாரை நீர்க்கரைசலில் ஊறவைத்துப் பசையை இளக்கியபின் நூற்கும் இயந்திரத்தை 1810இல் உருவாக்கினார். அத்தகைய இயந்திரத்திற்குப் பத்து இலட்சம் பிராங்க் பரிசளிப்பதாக நெப்போலியன் அறிவித்திருந்தார். ஆயினும் அவருடைய ஆட்சி வீழ்ந்தது. பரிசுத்தொகை ஜிராருக்குக் கிட்டவேயில்லை.

பின்னர் ஜிரார் போலந்துக்கு வந்து பணியாற்றினார். 1833இல் லினன் ஆலை ரூடா குசோவ்ஸ்காவில் நிறுவப்பட்டது. அவருடைய பெயரைப் போலிய ஒலிப்புக்கேற்ப மாற்றி, உடைமைப் பொருள் தரும் விகுதியைச் சேர்த்து, ஊருக்கு ‘ஜிரார்தூவ்’ எனப் பெயரிட்டனர். சொந்த நாட்டில் பரிசு பெறாதவருக்கு அயல்நாட்டு ஊரொன்று பெயராயிற்று.

ஆலையும் குடியிருப்பும்

1857இல் ஹீல, டிட்ரிச் ஆகிய தொழிலதிபர்கள் ஆலையை வாங்கினர். அது ஐரோப்பாவின் பெரிய லினன் ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்தது. செங்கல் வீடுகள், பள்ளி, மருத்துவமனை, சலவையகம், தாய்மார் ஆலைக்குச் சென்ற வேளையில் குழந்தைகளைப் பேணும் காப்பகம் ஆகியன எழுந்தன. அக்காலத்தில் இவை அரிய வசதிகளே. எனினும் அவ்வசதிகளை வழங்கிய ஆலைதான் சிறுவர்களையும் வேலைக்கு அமர்த்தியது என்பதை நாம் மறத்தலாகாது.

1883ஆம் ஆண்டு

அப்பொழுது இப்பகுதி உருசியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. 1883 ஏப்ரல் மாதம், நூல் சுற்றும் பிரிவில் பணிபுரிந்த பெண்களின் கூலி குறைக்கப்பட்டது. அவர்கள் வேலையை நிறுத்தினர். ஓரிரு நாளில் ஏறத்தாழ 8,000 தொழிலாளர் அவர்களோடு இணைந்தனர். படையினர் சுட்டதில் இளந்தொழிலாளர் மூவர் உயிர்நீத்தனர். இறுதியில் கூலிக்குறைப்பு திரும்பப் பெறப்பட்டது. போலந்துப் பகுதியில் நிகழ்ந்த முதல் பெருந்திரள் வேலைநிறுத்தமாக இது கருதப்படுகின்றது.

பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரை ஆலையில் அமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டத்தைப் பேரரசு 1882இலேயே இயற்றியிருந்தது. அது நடைமுறைக்கு வர 1884 ஆயிற்று. சட்டம் ஏட்டில் இருந்த அவ்விடைக்காலத்திலேதான் இப்போராட்டம் நிகழ்ந்தது.

பிற்காலம்

1915இல் பின்வாங்கிய உருசியப் படை ஆலையின் பகுதிகளை வெடிவைத்துத் தகர்த்தது. 1916இல் ஊர் நகரத் தகுதி பெற்றது. 1923இல் ஆலை பிரெஞ்சு முதலாளி பூசாக்கின் கைக்குச் சென்றது. பல்லாயிரவர் வேலையிழந்து வறுமையுற்றனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் லினன் தொழில் ஏறத்தாழ முற்றிலும் நலிந்தது. எனினும் செங்கல் குடியிருப்பு பெரும்பாலும் சிதையாது நிற்கின்றது. 2012இல் அது போலந்தின் ‘வரலாற்றுச் சின்னம்’ என்னும் உயரிய தகுதியைப் பெற்றது.

ஆலைத் தொழிலாளர் குடும்பத்தில் 1881இல் இங்குப் பிறந்த பவெல் ஹுல்கா-லாஸ்கோவ்ஸ்கி, பிற்காலத்தில் எழுத்தாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் விளங்கினார். ‘என் ஜிரார்தூவ்’ என்னும் பொருள்படும் நூலில் தம் ஊரின் வாழ்வைப் பதிவுசெய்தார். ஊரார் ஒருவரே எழுதியமையால் எளியோரின் வாழ்வு அழியாது நிலைத்தது.

இயந்திரம் கண்டவரின் பெயர் ஊர்ப்பெயராகவே வாழ்கின்றது. முதலில் வேலையை நிறுத்திய பெண்களை அறிந்தோர் மிகச் சிலரே. ஓர் ஊரின் வரலாற்றைக் கற்பிக்கும்பொழுது, “இதனைக் கட்டியவர் யார்?” என்று வினவுவதோடு நிறுத்தாமல், “இங்கு உழைத்தவர் யார்? அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனரா?” என்றும் மாணவரை வினவச் செய்வோமாக.