ஊரும் பள்ளியும்: சென்னை மாநிலப் பள்ளிச் சீரமைப்பு இயக்கமும் ரங்காரெட்டி மாவட்ட அனுபவமும்

முன்னுரை

‘பள்ளி’ என்னும் சொல் தமிழில் முதலில் தங்குமிடத்தைக் குறித்தது. சமண, பௌத்தத் துறவியர் உறைந்த இடங்கள் பள்ளி எனப்பட்டன. அங்குக் கல்வியும் கற்பிக்கப்பட்டமையால் அச்சொல் கல்விக்கூடத்திற்கு ஆகிவந்தது என்பர். துறவியர் பள்ளியும் ஊரார் அளித்த உணவையும் கொடையையும் கொண்டே நிலைபெற்றது. எனவே ஊருக்கும் பள்ளிக்கும் இடையிலான உறவு புதிதாகக் கண்டறியப்பட்ட ஒன்றன்று. ஆயினும் அவ்வுறவில் ‘ஊர்’ என்பது யாரைக் குறிக்கிறது, அந்த ஊர் பள்ளிக்கு எதைத் தருகிறது என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு காலமும் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளது. சென்னை மாநிலத்தில் 1950களில் தோன்றிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தையும், ஐதராபாத்தை அடுத்த ரங்காரெட்டி மாவட்டத்தில் 1991 முதல் நிகழ்ந்த குழந்தைத் தொழிலாளர் மீட்புப் பணியையும் இவ்வினாக்களின் வழி ஒப்பிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திண்ணைப் பள்ளியும் அதன் எல்லையும்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் உள்நாட்டுக் கல்வி நிலை குறித்துக் கணக்கெடுக்க ஆணையிட்டார். அதன் முடிவுகளைத் தொகுத்து 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. 1,88,650 பேர் அவற்றில் பயின்றனர். ஏறத்தாழ ஆயிரம் மக்களுக்கு ஒரு பள்ளி என்பது அன்றைய நிலை. இப்பள்ளிகளிற் பெரும்பாலானவை ஊராரின் ஆதரவில் நடந்தவை. ஆசிரியரின் வருவாய் மாணாக்கர் வீட்டிலிருந்து நெல்லாகவும் காசாகவும் வந்தது. நவராத்திரிக் காலத்தில் மாணாக்கர் வீடுதோறும் சென்று பாடிக் கோலாட்டமிட்டு ஆசிரியருக்குப் பொருள் திரட்டும் வழக்கமும் இருந்தது. உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ திண்ணைப் பள்ளியின் நடைமுறைகளை அறிதற்குச் சிறந்த சான்றாகும்.

எனினும் மன்றோவின் கணக்கில் பயின்றோருள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகள் ஊர்த் திண்ணையில் ஏறி அமர்வது அரிதினும் அரிதாக இருந்தது. ஆசிரியரைப் பேணிய ஊர், தன் பிள்ளைகள் அனைவரையும் பேணவில்லை. ஊரின் ஆதரவு மிக்கிருந்த காலத்திலேயே ஊரின் விலக்கும் மிக்கிருந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

பள்ளிச் சீரமைப்பு இயக்கம்

1953இல் இராஜாஜி அரசு கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலில் பழகலாம் என்றது. ‘குலக்கல்வித் திட்டம்’ என அது கடுமையாக எதிர்க்கப்பட்டது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. பள்ளியில்லா ஊர்களில் பள்ளி திறத்தல் அவர் அரசின் முதற்பணிகளுள் ஒன்றாயிற்று. ஆனால் பள்ளி திறந்தாலும் பசித்த பிள்ளை வருவதில்லை. வந்தாலும் அமரப் பலகையும் எழுதக் கரும்பலகையும் இருப்பதில்லை. அரசின் நிதியோ போதவில்லை. இந்நெருக்கடியிலிருந்தே ஊரை நாடும் திட்டங்கள் இரண்டு பிறந்தன.

முதலாவது மதிய உணவுத் திட்டம். 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் இதனைத் தொடங்கி வைத்தார். தொடக்கத்தில் இது ஊராரின் நன்கொடையைக் கொண்டே நடந்தது. 1957 முதல் அரசு மானியம் சேர்ந்தது. ஓர் உணவுக்குப் பத்துக் காசு எனக் கணக்கிட்டு, அதில் ஆறு காசை அரசும் நான்கு காசை ஊராரும் ஏற்றனர். அறுவடைக் காலத்தில் நெல்லாகவும், ஏனைய நாளில் காய்கறியாகவும் விறகாகவும் ஊரின் பங்கு வந்தது.

இரண்டாவது பள்ளிச் சீரமைப்பு மாநாடு. அன்றைய பொதுக் கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு இதன் கருத்துமூலவர். செங்கற்பட்டு மாவட்டத்தின் கடம்பத்தூரில் 1958இல் முதல் மாநாடு நடைபெற்றது. இதன் நடைமுறை எளியது. முதலில் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டியவற்றைப் பட்டியலிட்டனர். நிலம், கட்டடம், சுண்ணாம்புப் பூச்சு, மணி, கடிகாரம், நிலப்படம், தண்ணீர்ப் பானை, சிலேட்டு, சீருடை என அப்பட்டியல் நீளும். பின்னர் ஊர்தோறும் சென்று யார் எதைத் தர இயலும் எனக் கேட்டறிந்தனர். இறுதியில் வட்டார மாநாடு கூட்டி, கொடைகளைப் பலரறியப் பெற்றுக்கொண்டனர். ஏக்கர்க் கணக்கில் நிலம் தந்தவரும், ஒரு பானை தந்தவரும் அங்குக் கொடையாளரே. தம் தன்வரலாறான ‘நினைவு அலைகள்’ நூலில் நெ.து.சு. இப்பணிகளை விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

சுயமரியாதை இயக்கப் பற்றாளரான அவருக்கு இதன் சமூகப் பயனும் தெரிந்தே இருந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் பள்ளிக்கு ஊரே அரிசி தந்தது. திண்ணைப் பள்ளிக் காலத்து ஊர் செய்யாத செயல் இது. ஆனால் இயக்கத்தின் எல்லையும் இங்கேயே உள்ளது. கொடுக்க இயன்றவரே மேடையில் நின்றார். தம் பிள்ளையின் உழைப்பையன்றி வேறு உடைமை இல்லாத கூலியாளர், இத்திட்டங்களில் பயன்பெறுவோராக இருந்தனரேயன்றிக் கேட்போராக இல்லை. பட்டியலில் பள்ளியின் குறைகள் இடம்பெற்றன. பள்ளிக்கு வராத பிள்ளையின் பெயர் இடம்பெறவில்லை.

ரங்காரெட்டி மாவட்ட அனுபவம்

அந்த வராத பிள்ளையின் பெயரிலிருந்தே தொடங்கியது ஐதராபாத்தைச் சூழ்ந்த ரங்காரெட்டி மாவட்டத்தின் முயற்சி. வரலாற்றறிஞர் மாமிடிப்பூடி வெங்கடரங்கையாவின் நினைவாக 1981இல் எம்.வி. அறக்கட்டளை நிறுவப்பட்டது. ஐதராபாத் பல்கலைக்கழக அரசியலறிவியல் பேராசிரியரும் வெங்கடரங்கையாவின் பெயர்த்தியுமான சாந்தா சின்கா, கொத்தடிமைத் தொழிலாளரை அமைப்பாக்கும் பணியில் ஈடுபட்டிருந்தவர். அவ்வனுபவத்தின் தொடர்ச்சியாக 1991 முதல் அறக்கட்டளை சிற்றூர்க் குழந்தைகளின் பக்கம் திரும்பியது.

அன்று நடைமுறையிலிருந்த 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் அபாயத் தொழில்களை மட்டுமே தடை செய்தது. ஆடு மாடு மேய்க்கும் சிறுவனும், பருத்தி விதை வயலில் வேலை செய்யும் சிறுமியும் அச்சட்டத்தின் கண்ணுக்குத் தொழிலாளர் அல்லர். அறக்கட்டளையோ பள்ளிக்கு வெளியே உள்ள எந்தக் குழந்தையும் குழந்தைத் தொழிலாளரே என வரையறுத்தது. வறுமையினாலேயே பெற்றோர் பிள்ளைகளை அனுப்புவதில்லை என்னும் பொதுக் கருத்தையும் அது மறுத்தது. ஏழைப் பெற்றோர் கல்வியை விரும்பாதவரல்லர். சான்றிதழ் கேட்டும் வயது கடந்தது என்றும் வாயிலிலேயே திருப்பியனுப்பும் பள்ளியே பெருந்தடை என்பது அதன் துணிபு.

ஊர் இளைஞர்கள் வீடுதோறும் சென்று பள்ளிக்கு வெளியிலிருந்த பிள்ளைகளைப் பட்டியலிட்டனர். பணிக்கமர்த்திய நிலவுடைமையாளரோடு ஊர்க் கூட்டங்களில் பேசினர்; பிள்ளைகளை விடுவித்த உடைமையாளரைப் பலரறியப் பாராட்டினர். வேலையிலிருந்து மீண்ட பிள்ளைகள் இணைப்புப் பயிற்சி முகாம்களில் சில மாதம் தங்கிப் பயின்று, தம் வயதுக்குரிய வகுப்பில் நேரே சேர்ந்தனர். பத்து வயதுச் சிறுமி ஆறு வயதுப் பிள்ளைகளோடு முதல் வகுப்பில் அமரும் கூச்சம் இதனால் நீங்கிற்று. அரசுப் பள்ளி ஆசிரியர்களே ‘பால கார்மிக விமோசன வேதிகா’ என்னும் அமைப்பாகத் திரண்டமை மற்றொரு சிறப்பு. இணைப்பள்ளி நடத்தாது, அரசுப் பள்ளியையே வலுப்படுத்த வேண்டும் என்பது இம்முயற்சியின் அடிப்படைக் கொள்கை. 2003இல் சாந்தா சின்காவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

ஒப்பீடு

இரு முயற்சிகளும் பட்டியலில் தொடங்கிக் கூட்டத்தில் முடிந்தன. ஆனால் கடம்பத்தூர்ப் பட்டியல் பொருள்களின் பட்டியல். ரங்காரெட்டிப் பட்டியல் பிள்ளைகளின் பட்டியல். முன்னதில் ஊர் தன்னிடமுள்ளதைக் கொடுத்தது. பின்னதில் ஊர் தான் எடுத்துக்கொண்டதை, அதாவது பிள்ளையின் உழைப்பை, விட்டுக்கொடுத்தது. முன்னது ஈகை, பின்னது பொறுப்பு. இதனால் முன்னது தாழ்ந்ததாகாது. பள்ளியே இல்லாத ஊரில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புக எனக் கேட்டல் இயலாது. காமராசர் காலத்துக் கட்டடமும் உணவும் இன்றேல் தமிழகத்தில் அடுத்த கட்டத்திற்கு வழியில்லை. ஆயினும் ஈகை கொடுப்போரின் மனத்தைப் பொறுத்தது. பொறுப்போ பெறுவோரின் உரிமையைப் பொறுத்தது. மதிய உணவு 1982இல் எம்.ஜி.இராமச்சந்திரன் ஆட்சியில் அரசின் சத்துணவுத் திட்டமாக விரிந்தமை ஈகை உரிமையாக மாறியதற்கு நற்சான்று.

சட்டங்களும் இத்திசையிலேயே நகர்ந்தன. ஆந்திரப் பிரதேசம் 1998இல் பள்ளிக் கல்வியில் சமூகப் பங்கேற்புச் சட்டத்தை இயற்றியது. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கையையும் அதற்கான சிறப்புப் பயிற்சியையும் உறுதி செய்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்றது. நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கு உரிய விகிதத்தில் இடமளித்தது. திண்ணையில் ஏற இயலாதவரின் வழித்தோன்றல் பள்ளிக் குழுவின் உறுப்பினராதல் இதனால் இயல்வதாயிற்று.

முடிவுரை

2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம் கடம்பத்தூர் மரபின் தொடர்ச்சியாகவே கருதத்தக்கது. கொடை வரவேற்கத்தக்கதே. ஆனால் வசதி படைத்த குடும்பங்கள் தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிட்ட சிற்றூரில், கொடுக்க வல்லவர் வேறு, பயில்வோரின் பெற்றோர் வேறு என ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. கொடுக்கும் ஊரை மட்டும் பள்ளியோடு இணைத்தால் திண்ணைக் காலத்து விலக்கு வேறுருவில் மீளக்கூடும். நாட்கூலியை இழந்து குழுக் கூட்டத்திற்கு வரும் தாயின் வினாவுக்குத் தலைமையாசிரியர் விடையளிக்கும் நாளிலேயே ஊரும் பள்ளியும் இணைந்தன எனலாம். பள்ளியின் குறைகளைப் பட்டியலிடுவதற்கு முன் பள்ளிக்கு வராத பிள்ளையின் பெயரை எழுதுக என்பதே இவ்விரு வரலாறுகளும் ஒருங்கே உணர்த்தும் முடிபாகும்.