தடுக்காமல் விட்ட ஒருவர்: ஆப்ஷன் ஆட்டமுறையின் வரலாறு

அமெரிக்கக் கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் முன்னேறும் ஆட்டம். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜமாவது முன்னேறாத அணி பந்தை இழக்கும். இதில் பந்தோடு ஓடும் உத்திக்கு நெடுங்காலமாக ஒரு கணக்குச் சிக்கல் இருந்தது. அணிக்குப் பதினொரு பேர் ஆடினாலும், பந்தை முதலில் பெற்றுத் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் அதை ஒப்படைத்தவுடன் வேலை முடிந்து நின்றுவிடுவார். பந்தோடு ஓடுபவரும் எவரையும் தடுக்க இயலாது. ஆகவே எஞ்சிய ஒன்பது பேர் எதிரணியின் பதினொருவரை மறித்தாக வேண்டும். ஆப்ஷன் என்று பெயர் பெற்ற ஆட்டமுறை இந்தக் கணக்கையே மாற்றியது. எதிரணியில் ஒருவரை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டு, அவர் எவர் மீது பாய்கிறார் என்பதைக் குவார்ட்டர்பேக் ஓட்டத்தினூடே கண்டறிந்து, அவர் பாயாத பக்கத்திற்குப் பந்தை அனுப்புவதே இதன் உயிர்நாடி. அவ்வாறு விடப்பட்டவர் எதைச் செய்தாலும் தவறாகவே முடியும். அவரைத் தடுத்திருக்க வேண்டிய வீரர் இன்னொருவரை மறிக்கப் போய்விடுவார். எவரைத் தடுக்காமல் விடுவது என்ற கேள்விக்குப் பயிற்சியாளர்கள் அடுத்தடுத்துக் கண்ட விடைகளே இம்முறையின் வரலாறு.

முதல் விடை மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பந்தெறிவதில் வல்லவரான பால் கிறிஸ்ட்மன் 1940ஆம் ஆண்டுப் பருவத்தோடு விடைபெற்றபின், அவரைப் போன்ற எறிவாளர் இல்லாத அணியைக் கொண்டு வெல்லும் வழியைப் பயிற்சியாளர் டான் ஃபாரட் தேட வேண்டியிருந்தது. மாணவப் பருவத்தில் கூடைப்பந்தும் ஆடியவரான அவர், விரைந்து முன்னேறும் இருவர் ஒரே தற்காப்பாளரை எதிர்கொள்ளும் அந்த ஆட்டத்தின் சூழலைக் கால்பந்துக் களத்துக்குக் கொண்டுவந்தார். 1941இல் அவர் அறிமுகப்படுத்திய ஸ்ப்ளிட்-டி அமைப்பில் முன்வரிசையினர் வழக்கத்தைவிட அகன்ற இடைவெளிகளோடு நின்றனர்; குவார்ட்டர்பேக் வரிசையை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடி, எதிரணியின் ஓரக் காவலரை நெருங்கியதும், பந்தைத் தானே வைத்துக்கொள்வதா, பின்னால் வரும் தோழரிடம் வீசுவதா என்று அக்கணத்திலேயே தீர்மானித்தார். முடிவு பயிற்சியாளரின் கையிலிருந்து இருபது வயது மாணவரின் கண்ணுக்கு இடம் மாறியது இங்குதான். வடிவங்கள் பலவாக மாறியும் இந்த மாற்றம் மட்டும் கைவிடப்படவேயில்லை.

உலகப் போர் இக்கருத்தைப் பரப்பியது. 1943இல் அயோவாவில் இயங்கிய கடற்படை விமானப் பயிற்சிப் பள்ளியின் அணிக்கு ஃபாரட் பொறுப்பேற்றபோது அவருக்குத் துணையாக இருந்த ஜிம் டேட்டமும் பட் வில்கின்சனும் அம்முறையை முழுமையாகக் கற்றுக்கொண்டனர். பின்னர் மேரிலாண்டில் டேட்டமும் ஓக்லஹோமாவில் வில்கின்சனும் அதையே ஆடவைத்தனர். 1953 முதல் 1957 வரை தொடர்ச்சியாக 47 ஆட்டங்களில் வென்ற வில்கின்சனின் அணியின் சாதனையை இன்றுவரை எந்தப் பெரிய கல்லூரி அணியும் முறியடிக்கவில்லை.

ஃபாரட் விட்டுவைத்த ஆள் ஓரத்தில் நின்றவர். 1960களின் நடுவில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் பில் யோமன், உள்ளே நிற்கும் ஒருவரையும் தடுக்காமல் விடலாம் என்று கண்டார். அவருடைய வீர் அமைப்பில் குவார்ட்டர்பேக் பந்தை ஓடிவருபவரின் வயிற்றருகே வைத்து, இருவர் கையும் அதன்மேல் இருக்கும் அந்த அரை நொடியில் உள்காவலரைப் படித்து, விடுவதா உருவிக்கொள்வதா என்று முடிவுசெய்வார். உருவிக்கொண்டால் அடுத்து ஓரக் காவலரைப் படித்து இரண்டாவது முடிவை எடுப்பார். ஒரே ஆட்டத்தில் மூன்று வழிகள் திறந்திருந்ததால் இது மும்மடி ஆப்ஷன் எனப்பட்டது. தடுக்கப்படாத இருவரால் மிச்சமான ஆட்கள் மற்றவர்களை இரட்டையாகச் சேர்ந்து தள்ளினர். 1966 முதல் 1968 வரை மூன்று பருவங்களிலும் மொத்த முன்னேற்றத்தில் நாட்டிலேயே ஹூஸ்டன்தான் முதலிடம்.

இந்த வரலாற்றின் உச்சம் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் 1968ஆம் ஆண்டுக் கோடைக்காலம் என்பதில் ஐயமில்லை. டேரல் ராயலின் அணி அதற்கு முந்தைய மூன்று பருவங்களிலும் நான்கு நான்கு ஆட்டங்களில் தோற்றிருந்தது. உயர்நிலைப் பள்ளி அணிகளுக்குப் பல ஆண்டுகள் பயிற்சியளித்த பின் ராயலிடம் சேர்ந்திருந்த எமரி பெல்லர்டிடம் தாக்குதல் அமைப்பைச் சீரமைக்கும் பொறுப்பு தரப்பட்டது. யோமனின் முறையில் பின்வரிசையில் இருவர் மட்டுமே இருந்ததால், வெளிப்புறமாகப் பந்தைப் பெற்று ஓடுபவருக்கு முன்னால் வழி திறக்க ஆளில்லை. பெல்லர்ட் பின்வரிசையில் மூவரை நிறுத்தினார்: குவார்ட்டர்பேக்குக்கு நேர் பின்னே ஃபுல்பேக், அவருக்கும் பின்னே இருபுறமும் ஒவ்வொரு ஹாஃப்பேக். ஃபுல்பேக் நடுவே பாய, ஒரு ஹாஃப்பேக் ஓரத்தில் முன்னோடித் தடுப்பாளராகச் செல்ல, மற்றவர் வீசப்படும் பந்துக்காக விரிந்து ஓட, இரு திசைகளிலும் ஒரே வலிமையோடு மும்மடி ஆப்ஷனை ஆட முடிந்தது. மேலிருந்து பார்க்கக் கோழியின் நெஞ்சிலுள்ள கவை எலும்பைப் போலிருந்ததால் விஷ்போன் என்ற பெயர் நிலைத்தது.

புதிய அமைப்பு முதல் ஆட்டத்தில் சந்தித்ததும் யோமனின் ஹூஸ்டன் அணியையே. 20-20 என்று சமனில் முடிந்தது. அடுத்து டெக்சாஸ் டெக் அணியிடம் 31-22 என்று தோல்வி. பந்தைக் கையாளும் பொறுப்பு பில் பிராட்லியிடமிருந்து ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டுக்கு மாறியது; காவலரைப் படிக்கக் குவார்ட்டர்பேக்குக்குச் சற்று அவகாசம் கிடைக்கும் பொருட்டு ஃபுல்பேக் ஸ்டீவ் வோர்ஸ்டர் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தப்பட்டார். இந்தச் சிறு திருத்தம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஆப்ஷன் வடிவமைப்பின் நுட்பமெல்லாம் இத்தகைய அடிக்கணக்கிலும் நொடிக்கணக்கிலும்தான் இருக்கிறது. அதன்பின் டெக்சாஸ் தொடர்ந்து 30 ஆட்டங்களை வென்றது. 1969இல் தேசியப் பட்டமும் பெற்றது. அந்த வரிசை 1971 புத்தாண்டு நாளில் நோட்டர் டேம் அணியிடம்தான் அறுந்தது.

போட்டி அணிகள் விரைந்து பின்பற்றின. 1970இல் பருவத்தின் நடுவிலேயே ஓக்லஹோமா விஷ்போனுக்கு மாறியது. மறுபருவத்தில் குவார்ட்டர்பேக் ஜாக் மில்ட்ரன் நடத்திய அந்த அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 472.4 கஜம் ஓடியே முன்னேறியது. ராயலிடம் கற்றுக்கொண்ட அலபாமாவின் பேர் பிரையன்ட், 1971 பருவத்தின் முதல் ஆட்டம்வரை மாற்றத்தை மறைத்துவைத்து, தெற்குக் கலிபோர்னியாவை 17-10 என்று வீழ்த்தினார். ஆயினும் தொழில்முறை லீக் இம்முறையை ஏற்கவில்லை. அங்கு பெருஞ்சம்பளம் பெறும் குவார்ட்டர்பேக்கை ஒவ்வொரு ஆட்டத்திலும் அடிபட விட எவரும் துணியவில்லை. மில்ட்ரனே அங்கே தற்காப்பு வீரராகத்தான் ஆடினார். அந்த லீக்கைக் கனவு காணும் எறிவாளர்கள் எறிந்தாடும் கல்லூரிகளை நாடவே, பெரிய அணிகளில் விஷ்போன் மெல்ல மங்கியது.

அது மங்காத இடம் ராணுவக் கல்லூரிகள். படிப்புக்குப்பின் படைப்பணி கட்டாயம் என்பதாலும் உடற்தகுதி விதிகளாலும் 140 கிலோ எடையுள்ள முன்வரிசையினரைத் திரட்ட முடியாத அவ்வணிகளுக்கு, எதிரியில் இருவரைத் தொடாமலேயே செயலிழக்கச் செய்யும் முறை இன்றியமையாததாயிற்று. பக்க ஹாஃப்பேக்குகளை முன்வரிசையின் ஓரங்களுக்குக் கொண்டுவந்த ஃப்ளெக்ஸ்போன் என்ற வடிவத்தைப் பால் ஜான்சன் கடற்படைக் கல்லூரியில் நிலைநாட்டினார். 1963க்குப்பின் நோட்டர் டேமிடம் தொடர்ந்து 43 முறை தோற்றிருந்த அக்கல்லூரி 2007இல் மூன்று கூடுதல் சுற்றுகள் ஆடி 46-44 என்று வென்றது. 2018இல் தரைப்படைக் கல்லூரியான ஆர்மி, ஓக்லஹோமாவுக்கு எதிரான 60 நிமிட ஆட்டத்தில் 44 நிமிடம் 41 நொடி பந்தைத் தன்னிடமே வைத்திருந்து, கூடுதல் சுற்றில்தான் தோற்றது.

அண்மைய நெருக்கடி விதிப்புத்தகத்திலிருந்து வந்தது. காயங்களைக் குறைப்பதற்காக, முன்வரிசையின் நடுப்பகுதிக்கு வெளியே இடுப்புக்குக் கீழே மறித்துத் தடுப்பது 2022இல் தடைசெய்யப்பட்டது. உருவில் சிறிய வீரர் பெரியவரை ஓரத்தில் வீழ்த்த நம்பியிருந்த கருவி அதுவே. ஆர்மி 2023இல் குவார்ட்டர்பேக்கைப் பின்தள்ளி நிறுத்தும் அமைப்புக்கு மாறிப் பார்த்துவிட்டு, 2024இல் பழைய நிலைக்கே திரும்பியது. குவார்ட்டர்பேக் பிரைசன் டெய்லியின் ஓட்டங்களைக் கொண்டு, தான் புதிதாகச் சேர்ந்த அமெரிக்கன் லீக்கின் இறுதி ஆட்டத்தில் டுலேன் அணியை 35-14 என்று வென்று, தன் வரலாற்றின் முதல் லீக் பட்டத்தைப் பெற்றது.