பூப்பின் வயதும் பிறப்பின் பதிவும்: கடல்கடந்து மகவேற்கப்பட்ட இலங்கைக் குழந்தைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தமிழ் மரபு பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாக வகுத்துக் கூறும். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன அவை. இவற்றுள் பெதும்பை 8 முதல் 11 வயது வரையுள்ளவள் எனவும், மங்கை 12, 13 வயதினள் எனவும் கொள்ளுதல் பாட்டியல் வழக்கு. உடலின் பருவ மாற்றத்தை ஆண்டுக் கணக்கோடு பொருத்திப் பார்த்தல் நம்மவர்க்குப் புதியதன்று என்பதற்கு இவ்வழக்கே சான்றாகும். ஆயின், அக்கணக்கைத் தொடங்குதற்குப் பிறந்த நாளும் பெற்ற தாயும் அறியப்பட்டிருத்தல் வேண்டும். அவ்விரண்டிலும் ஐயம் நேர்ந்துவிட்ட குழந்தைகள் பற்றியதே இக்கட்டுரை.

1970களிலும் 1980களிலும் இலங்கையிலிருந்து பெருந்தொகையான குழந்தைகள் ஒல்லாந்து, சுவீடன், சுவிற்சர்லாந்து முதலிய ஐரோப்பிய நாடுகளுக்கு மகவேற்பு முறையில், அதாவது தத்துப் பிள்ளைகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். இவர்தம் தொகை ஏறத்தாழ 11,000 என மதிப்பிடப்படுகின்றது. இவ்வாறு வறிய நாடுகளிலிருந்து வளமிக்க நாடுகளுக்குச் சென்ற குழந்தைகளிற் சிலர், சிறப்பாகப் பெண்பிள்ளைகள், வழமைக்கு முன்னரே பூப்படைகின்றனர் என்பதை அந்நாடுகளின் மருத்துவர் கண்டறிந்தனர். இது மருத்துவர் மட்டும் ஆராய வேண்டிய பொருள் போலத் தோன்றும். அதன் வேர் நமது நாட்டு வரலாற்றில் ஊன்றியுள்ளது என்பதை எடுத்துக்காட்டுதலே நமது நோக்கமாகும்.

முதற்கண் மருத்துவச் செய்தியை நோக்குவாம். பெண்பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்னரும் ஆண்பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்னரும் பருவக்குறிகள் தோன்றுமாயின் அதனை முற்பூப்பு என்பர். மகவேற்கப்பட்ட பெண்பிள்ளைகளிடத்து இந்நிலை மிகுந்து காணப்படுதல் பற்றிச் சுவீடன் நாட்டு மருத்துவர் 1981ஆம் ஆண்டிலேயே எழுதினர். 1991ஆம் ஆண்டில் அந்நாட்டில் வெளியான ஆய்வொன்று, இந்தியாவிலிருந்து மகவேற்கப்பட்ட 107 சிறுமியரை எடுத்துக்கொண்டது. அவர்களது முதற்பூப்பின் இடைநிலை வயது 11.6, மிக முந்தியது 7.3 வயதில் நிகழ்ந்தது. சுவீடன் நாட்டுச் சிறுமியர்க்கோ அது 13 வயதளவில் நிகழ்வது. வந்து சேர்ந்தபோது வளர்ச்சி குன்றியிருந்து, பின் மிக விரைந்து வளர்ந்த பிள்ளைகளே முந்திப் பூப்படைந்தனர் என்பதும் அவ்வாய்விற் புலனாயிற்று. விரைந்து வந்த வளர்ச்சி விரைந்தே முடிந்தும்விடுகின்றது. எலும்பின் வளர்முனைகள் காலத்துக்கு முன் மூடிக்கொள்வதால் அப்பிள்ளைகளிற் பலர் குறுகிய உயரத்தோடு நின்றுவிட்டனர்.

2006ஆம் ஆண்டில் டென்மார்க்கில் வெளியான ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. மகவேற்கப்பட்ட பிள்ளைகளுக்கு முற்பூப்பு நேரும் வாய்ப்பு அந்நாட்டுப் பிள்ளைகளைவிடப் பத்து முதல் இருபது மடங்கு மிகுதி என அது கண்டது. தம் சொந்தப் பெற்றோருடன் அந்நாட்டிற் குடியேறிய அயல்நாட்டுப் பிள்ளைகளிடத்து இவ்வாறான பெருமிகை காணப்படவில்லை என்பது அதனினும் முக்கியமானது. மேலும், இரண்டு வயதுக்குப் பின்னர் மகவேற்கப்பட்டோரிடத்தே இது மிகுந்து காணப்பட்டது.

இம்முடிவு ஒரு பழைய பிழையைக் களைகின்றது. வெப்ப நாட்டுப் பெண்கள் இளமையிலேயே பருவமெய்துவர் என்பது ஐரோப்பியரிடை நெடுங்காலம் நிலவிய எண்ணம். 18ஆம் நூற்றாண்டில் மொந்தெஸ்கியூ போன்ற பேரறிஞரும் சட்டங்கள் பற்றிய தமது நூலில் இதனை உண்மையெனக் கொண்டே வாதித்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மான்செஸ்டர் நகர மருத்துவர் யோன் றொபேட்டன் பல நாடுகளின் தரவுகளைத் திரட்டி அவ்வெண்ணத்தை மறுத்தார். ஆயினும் அது பொதுமக்கள் மனத்தினின்றும் எளிதில் நீங்கவில்லை. ஒன்பது வயதிற் பூப்படைந்த பழுப்பு நிறச் சிறுமியைக் கண்டு, உங்கள் இனத்தின் இயல்பு இது என்று கூறுதல் எளிது. அஃது இனத்தின் இயல்பாயின் பெற்றோருடன் சென்ற பிள்ளைகளிடத்தும் அவ்வாறே தோன்றுதல் வேண்டும். தென்னாசியாவின் வறிய கிராமங்களிற் பெண்கள் ஐரோப்பியப் பெண்களுக்கு முந்தியன்றிப் பிந்தியே பூப்படைந்து வந்தனர் என்பதும் ஈண்டு நினைவு கூரத்தக்கது.

அவ்வாறாயின் காரணம் யாது? ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் 16 வயதளவில் நிகழ்ந்த முதற்பூப்பு, உணவும் உடல்நலமும் சீர்பட்டமையால் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் 13 வயதளவுக்கு இறங்கியது. ஒரு சமுதாயம் நூறாண்டிற் கடந்த அத்தொலைவை, மகவேற்கப்பட்ட குழந்தையின் உடல் சில திங்களிற் கடக்கின்றது எனலாம். கருவிலும் குழவிப் பருவத்திலும் பசியை எதிர்பார்த்து அமைந்த உடலுக்குத் திடீரெனப் பேருணவு கிடைக்கின்றது. சேமிப்புப் போதும் என்னும் செய்தி மூளையை அடைகின்றது. பருவத்தைத் தொடக்கும் ஓமோன்கள் காலத்துக்கு முன்னரே விழித்துக்கொள்கின்றன. இதுவே பெரும்பாலார் ஏற்கும் விளக்கம். இதனோடு வேறொரு கருத்தும் உண்டு. 2001ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு ஆய்வாளர், அயல்நாட்டிலிருந்து வந்து முற்பூப்படைந்த பிள்ளைகளின் குருதியில் டி.டி.ரி. என்னும் பூச்சிகொல்லியின் எச்சம் மிகுந்திருத்தலைக் கண்டு, அதுவும் காரணமாகலாம் என்றனர். அது முடிந்த முடிபன்று.

பசி, திடீர் நிறைவு, பூச்சிகொல்லி என்னும் இம்மூன்றும் வெறுஞ்சொற்களாக நின்றுவிடாதவாறு, அவற்றை நமக்கு அண்மையான ஒரு களத்தில் வைத்து நோக்குதல் தகும். கேகாலை மாவட்டத்தின் யட்டியாந்தோட்டை, தெகியோவிட்ட, தெரணியகல, ருவன்வெல்ல முதலிய பகுதிகளில் இறப்பர், தேயிலைத் தோட்டங்களைச் சார்ந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்துள்ளன. பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயக்காம்பரா ஒன்றே ஒரு குடும்பத்தின் இல்லம். விடியுமுன் பால்வெட்டச் செல்லும் தாய் தன் கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்வாள். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையெனிற் பேர் இல்லை. பேர் இல்லையெனிற் கூலியும் இல்லை. கருவுற்ற தாயின் ஊண் வானத்தைப் பார்த்திருந்தது என்பது மிகையன்று.

இந்நிலை 1973, 1974ஆம் ஆண்டுகளிற் கொடிதாயிற்று. அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டது. மாவும் பாணும் அரிதாயின. கிராமத்தவர்க்கு இருந்த கைப்பிடி நிலமும் தோட்டத்தவர்க்கு இல்லாமையால் அவர்களே பெரிதும் வாடினர். தோட்டப்புறத்து இறப்பு வீதமும் சிசு மரண வீதமும் அக்காலத்தில் ஏனைய பகுதிகளினும் மிக உயர்ந்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களாற் தோட்டங்கள் கைமாறிய காலமும் அதுவே. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டிருந்த மக்களுக்குத் தம் துயரை எடுத்துரைக்க வாக்குப் பலமும் பெரிதாக இருக்கவில்லை. அயல்நாட்டு மகவேற்பு பெருகத் தொடங்கிய காலமும் இதனோடு ஒட்டியதே.

பூச்சிகொல்லிக்கும் இங்கு ஒரு வரலாறு உண்டு. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையைச் சூறையாடிய மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மிகக் கொடிதாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் கேகாலையும் ஒன்று. அவ்வழிவைக் கண்ட நாடு, 1946 முதல் டி.டி.ரி. மருந்தை வீடுவீடாகத் தெளித்தபோது அதனை வரவேற்றமையில் வியப்பில்லை. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. உயிர் காத்த மருந்தை இன்று எளிதிற் பழித்தல் முறையாகாது. எனினும், ஒரு தலைமுறையைக் காத்தது அடுத்த தலைமுறையின் உடலில் வேறொரு சுவட்டை விட்டுச் சென்றிருக்கலாம் என்னும் ஐயம் ஆராயத்தக்கதே.

இனி, ஆவணங்களைப் பற்றி ஆராய்வாம். இலங்கையில் மகவேற்பை நெறிப்படுத்துவது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். நீதிமன்றத்தின் ஆணையின்றி மகவேற்பு நிறைவுறாது. ஆயினும் 1980களில் இடைத்தரகர், சில சட்டத்தரணிகள், மருத்துவமனை ஊழியர் எனப் பலர் இதனை வாணிகமாக்கினர். குழந்தைகளை விற்பதற்கென வைத்துப் பேணிய இல்லங்கள் இருந்தன. பெற்ற தாய்க்குப் பதிலாக வேறொரு பெண்ணைக் கூலிக்கு அமர்த்தி, அதிகாரிகள் முன் தாயென நிறுத்தினர். பிறப்புச் சான்றிதழிற் பெயரும் ஊரும் நாளும் மாற்றி எழுதப்பட்டன. வறிய சிங்களக் கிராமத்துத் தாய்மாரும் தோட்டத்துத் தமிழ்த் தாய்மாரும் இவ்வாணிகத்தில் ஒருங்கே இழந்தவர்களாவர். 1992ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் நெறிகளை இறுக்கியது. நாடுகளுக்கிடையிலான மகவேற்பு பற்றிய ஹேக் உடன்படிக்கை 1995ஆம் ஆண்டில் இலங்கையில் நடைமுறைக்கு வந்தது.

பெற்றுக்கொண்ட நாடுகள் தம் பங்கை ஏற்க மேலும் கால் நூற்றாண்டு சென்றது. 2017ஆம் ஆண்டில் ஒல்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று இம்முறைகேடுகளை வெளிக்கொணர்ந்தபோது, அன்றைய இலங்கைச் சுகாதார அமைச்சர் இராஜித சேனாரத்ன அவை நிகழ்ந்தமையை ஒப்புக்கொண்டார். 2020ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து அரசு தன் தவறுகளுக்கு வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் ஒல்லாந்தின் யூஸ்ட்ரா ஆணைக்குழு இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து நிகழ்ந்த மகவேற்புகளிற் பரவலான முறைகேடுகள் இருந்தன என அறிக்கையிட்டது. அரசு மன்னிப்புக் கோரியது. 2025ஆம் ஆண்டிற் சுவீடனின் ஆணைக்குழுவும் அத்தகைய முடிபுக்கே வந்தது.

இவ்விரு வரலாறுகளும், அதாவது உடலின் வரலாறும் ஆவணத்தின் வரலாறும், எங்கே சந்திக்கின்றன? பிறந்த நாள் பொய்யாயின் பூப்பின் வயதும் பொய்யாகும். ஆகவே முற்பூப்பு என்பதே பிழைபட்ட சான்றிதழின் தோற்றப்பாடாகலாம் என ஒருவர் வினவக்கூடும். நான்கு, ஐந்து வயதில் மகவேற்கப்பட்ட பிள்ளைகளைப் பொறுத்தவரை இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. மருத்துவர் பல்லையும் எலும்பையும் கொண்டு வயதை மதிப்பிட முயல்வதும் இதனாலேயே. ஆனால் இலங்கையிலிருந்து சென்றோரிற் பெரும்பாலார் கைக்குழந்தைகள். சில வாரங்களே நிரம்பிய குழவியின் வயதில் ஆண்டுக்கணக்கான பிழை நேர இடமில்லை. இளங்குழவிகளாய்ச் சென்றோர்க்கு முற்பூப்பு நேரும் வாய்ப்பும் ஒப்பீட்டளவிற் குறைவே. எனவே ஆவணப் பொய் அவர்களைத் தாக்கியது வேறோர் இடத்தில்.

உரிய காலத்துக்கு முன் பூப்படையும் சிறுமியைக் காணும் மருத்துவர் முதலிற் கேட்கும் வினாக்களுள் ஒன்று, உன் தாய் எந்த வயதிற் பூப்படைந்தாள் என்பது. பூப்பின் வயது பெரிதும் தாய்வழி, தந்தைவழி வருவது. அது குடும்ப இயல்பா, நோயின் குறியா, சிகிச்சை வேண்டுமா என்று தீர்மானித்தற்கு அவ்விடை துணைசெய்யும். மகவேற்கப்பட்ட சிறுமிக்கு அவ்விடை தெரியாது. ஆவணத்திலுள்ள பெயரைக் கொண்டு தேடிச் சென்றாலும், அது கூலிக்கு நின்ற பெண்ணின் பெயராயிருப்பின், அவ்வினா மீண்டும் வெளியிலேயே நிற்கும்.

அவ்விடை உலகில் எங்கும் இல்லாமற் போய்விடவில்லை என்பதே இங்குத் துயரம் தருவது. தோட்டத்தில் ஒரு பெண் பெரியமனுசியாவது மறைவில் நிகழ்வதன்று. தாய்மாமன் வருவான், குச்சுக் கட்டப்படும், உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் உறவினர் வீடுகளிலிருந்து வரும், தலைக்குத் தண்ணீர் வார்க்கும் நாள் லயம் முழுவதற்கும் தெரியும். தன் பிறந்த தேதியைக் கூற இயலாத முதியவளும், பாணுக்கு வரிசையில் நின்ற காலத்துக்கு முந்திய வருடம், மாரியம்மன் திருவிழா முடிந்த மறுவாரம் எனத் தன் சடங்கின் காலத்தைத் தெளிவாகக் கூறுவாள். ஐரோப்பிய மருத்துவர் தேடிய செய்தி லயக்காம்பராவில் நினைவாகக் காக்கப்பட்டிருந்தது. காகிதத்தில் எழுதப்பட்ட பொய்யொன்று அவ்விரண்டிற்குமிடையே சுவராய் எழுந்தது. உறவினர் புடைசூழ நிகழவேண்டிய ஒன்றை, அச்சிறுமி அயல்நாட்டு மருத்துவமனையில், தன்னைப்போல் எவரும் இல்லாத வகுப்பறையில், தனித்து எதிர்கொண்டாள்.

சடங்கை நாம் குறையற்றதாகப் போற்றவில்லை. அது பெண்ணின் கல்வியை இடைநிறுத்தியதும் உண்டு, ஏழைக் குடும்பத்தைக் கடனாளியாக்கியதும் உண்டு. அது ஓர் ஆவணமாகவும் இயங்கியது என்பதையே ஈண்டு வலியுறுத்துகின்றோம்.

மேற்கூறியவற்றிலிருந்து நமக்குரிய பணியும் தெளிவாகின்றது. அன்று சென்ற குழந்தைகள் இன்று நடுவயதினர். பலர் தம் தாயைத் தேடி இலங்கைக்கு வருகின்றனர். தாய்மாரோ முதுமையடைந்துவிட்டனர். தோட்டங்களிற் பிறப்புகள் தோட்ட நிருவாகத்தின் வழியாகவே பதிவாளரைச் சென்றடைந்தமையால், துரைமார் அலுவலகங்களிலும் தோட்ட மருந்துச்சாலைகளிலும் இருந்த பிறப்புக் குறிப்புகள், செக்ரோல் ஏடுகள், பிள்ளைக்காம்பராப் பதிவுகள் ஆகியன அரசின் சான்றிதழைச் சரிபார்க்க உதவும் மூலங்களாகும். கறையானுக்கும் மழைக்கும் இரையாகுமுன் அவற்றைத் திரட்டுதலும், முதிய பெண்களின் நினைவுகளை அவர்தம் இசைவோடு எழுதி வைத்தலும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க பணிகள். தோட்ட மக்களின் வரலாற்றை எழுதுவோர் கூலிக் கணக்கையும் ஒப்பந்தங்களையும் ஆராய்ந்த அளவுக்கு, ஒரு தாய் தன் மகளுக்குச் சொல்ல வைத்திருந்த இச்சிறு செய்தியையும் ஆராய்தல் வேண்டும். தேடி வரும் மகளுக்கு நாம் தரக்கூடிய விடை அதில் இருத்தல் கூடும்.